யானை கேட்ட பிள்ளைகள் முதல் ஸ்கைப் வகுப்பு வரை

ஒரு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் இன்னொரு நாட்டுப் பிள்ளைகளோடு பேசிப் பழகுவது என்றவுடன் எல்லோருக்கும் கம்ப்யூட்டரும் வெப் கேமராவும்தான் ஞாபகத்துக்கு வரும். ஏதோ பத்து இருபது வருஷமாக நடக்கிற சமாச்சாரம் போலத் தோன்றும். ஆனால் இது கம்ப்யூட்டரை விட ரொம்பப் பழைய ஆசை. கருவிதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கடிதம், அச்சு இயந்திரம், ரேடியோ, கேசட், மின்னஞ்சல், ஸ்கைப்... இதில் எந்தக் கருவி வந்தபோது என்ன நடந்தது என்று பார்த்தால் சில ஆச்சரியங்கள் கிடைக்கின்றன.

முதலில் ஒரு யானைக் கதை. கதை இல்லை, நிஜம்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943ல் டோக்கியோவின் உவெனோ மிருகக்காட்சி சாலைக்கு ஓர் உத்தரவு வந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் மிருகங்கள் ஊருக்குள் வந்துவிடும், அதனால் பெரிய மிருகங்களைக் கொன்றுவிட வேண்டும் என்று. அங்கிருந்த மூன்று யானைகளும் பட்டினி போட்டே சாகடிக்கப்பட்டன. போர் முடிந்தது. பிள்ளைகள் திரும்ப மிருகக்காட்சி சாலைக்கு வந்தார்கள். யானை இல்லை. படத்தில் மட்டும் யானை பார்த்த ஒரு தலைமுறையே அங்கு வளர்ந்துகொண்டிருந்தது.

1949ல் டோக்கியோ பள்ளிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். யாருக்கு? நம் பிரதமர் நேருவுக்கு! எங்களுக்கு ஒரு யானை வேண்டும் என்று. அந்த வருஷம் செப்டம்பரில் "இந்திரா" என்று பெயரிடப்பட்ட யானை கப்பலில் டோக்கியோ போய்ச் சேர்ந்தது. மைசூர்ப் பக்கத்து யானை என்பதால் கன்னடக் கட்டளைகளுக்குத்தான் பழகியிருந்தது. எனவே ஜப்பானியப் பாகர்கள் இந்தியப் பாகர்களிடம் கன்னட வார்த்தைகளைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கலாச்சாரப் பரிமாற்றம் என்றால் இதுதானே! 1957ல் நேரு ஜப்பான் போனபோது மகளோடு அந்த யானையைப் போய்ப் பார்த்தார். மகள் இந்திராவும் யானை இந்திராவும் ஒரே இடத்தில்.

இதே ஜப்பானில் இதற்கு முன்பு நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1927ல் சிட்னி குலிக் என்ற அமெரிக்க மிஷனரியின் முயற்சியில் அமெரிக்கப் பிள்ளைகள் 12,000க்கும் மேற்பட்ட பொம்மைகளை ஜப்பானியப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பெயர், சின்னதாக ஒரு பாஸ்போர்ட், ஒரு கடிதம். ஜப்பான் பதிலுக்கு 58 பெரிய பொம்மைகளை அனுப்பியது. பிறகு போர் வந்தது. "எதிரி நாட்டுப் பொம்மை" என்று பெரும்பாலானவற்றை எரித்தும் உடைத்தும் விட்டார்கள். சில ஆசிரியர்கள் ஒளித்து வைத்ததால் சுமார் 300 பொம்மைகள் மட்டும் தப்பின. ஆக, பிள்ளைகள் நட்பாகிவிட்டால் நாடுகளும் நட்பாகிவிடும் என்று மேடையில் பேசுவது சுலபம். பொம்மை அனுப்பியும் போர் நிற்கவில்லை. ஆனால் போருக்குப் பிறகு முதலில் கடிதம் எழுதியதும் பிள்ளைகள்தான். இரண்டும் உண்மை.

சரி, தொழில்நுட்பத்துக்கு வருவோம். இந்த விஷயத்தில் முன்னோடி என்று சொல்ல வேண்டுமானால் பிரான்ஸ் நாட்டு ஆசிரியர் செலஸ்தின் ஃப்ரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம் பட்டவர். நீண்ட நேரம் சத்தமாகப் பேசி வகுப்பு எடுக்க முடியாது. தெற்கு பிரான்சில் பார்-சுர்-லூ என்ற மலைக் கிராமத்தில் 1920ல் ஆசிரியராகச் சேர்ந்தார். பேசித்தான் பாடம் நடத்த வேண்டுமா என்று யோசித்து, 1924 வாக்கில் வகுப்பறைக்குள் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை எழுதுவார்கள், தாங்களே எழுத்துக் கோப்பார்கள், தாங்களே அச்சடிப்பார்கள். அந்தத் தாள்கள் பிரான்சின் இன்னொரு மூலையில் பிரிட்டனி கடற்கரையில் இருந்த ஒரு பள்ளிக்குப் போகும். அங்கிருந்து மீன்பிடி, படகு, அலை பற்றி அந்தப் பிள்ளைகள் எழுதியது திரும்பி வரும். மலைப் பிள்ளைக்குக் கடல், கடல் பிள்ளைக்கு மலை.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு பக்கமும் எழுதியது. ஒரு பக்கம் எழுதி இன்னொரு பக்கம் படித்துக்கொண்டே இருக்கவில்லை. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு டேலி ஆகாது. பரிமாற்றம் என்ற வார்த்தையிலேயே அது இருக்கிறது. அந்தக் கணக்கில்தான் பின்னால் வந்த பல திட்டங்கள் இடறின.

புதுக்கோட்டைக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்தது (1922) இந்த மாவட்டத்து இராயவரம். "சக்தி" இதழை நடத்திய வை. கோவிந்தனும் அதே ஊர்க்காரர்தான். வள்ளியப்பா வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பாலர் மலர், டமாரம், சங்கு, பூஞ்சோலை என்று சிறுவர் பத்திரிகைகளின் ஆசிரியராக இருந்தார். 1950ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியதிலும் அவருக்கு முக்கியப் பங்கு. (பேங்க் வேலைக்குப் போனால் எழுத நேரமே கிடைக்காது என்று சாக்குச் சொல்பவர்கள் கவனிக்கவும்!) அந்தக் காலத்துச் சிறுவருக்கு வெளியுலகம் என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட பத்திரிகைகள் வழியாகத்தான் வந்தது. பிறகு சிறுவர் இதழ்களிலும் வார இதழ்களிலும் பேனா நண்பர் பகுதி வந்தது. பெயர், வயது, பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்ற இடத்தில் பாதிப் பேர் "தபால்தலை சேகரித்தல்" என்று போட்டிருப்பார்கள். வெளிநாட்டு நண்பர் கிடைத்தால் வெளிநாட்டுத் தபால்தலை கிடைக்கும் என்பதுதான் அதன் உள்நோக்கம்!

ரேடியோவையும் விட்டுவிடக் கூடாது. திருச்சி வானொலி நிலையம் 1939ல் தொடங்கியது. ஆனால் இந்த மாவட்டத்தின் கடற்கரையான கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடிப் பக்கமெல்லாம் திருச்சிக்குக் காட்டிய அதே பிரியத்தை இலங்கை வானொலிக்கும் காட்டியது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருந்து வந்த தமிழ், இந்தப் பக்கத்து வீட்டுக்குள் ஒலித்தது. அங்கே சிறுவர் நிகழ்ச்சியில் பாடிய பிள்ளையின் குரலை இங்கே ஒரு பிள்ளை கேட்டது. ஆனால் இங்கிருந்து அங்கே குரல் போக வழியில்லை. மறுபடியும் ஒரு பக்கக் கணக்கு.

குரலைத் திருப்பி அனுப்ப முதலில் உதவியது கேசட். 1980களில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களின் குடும்பங்களில், கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசிப் பதிவு செய்து ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்து அனுப்பும் வழக்கம் இருந்தது. அதில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கற்ற பாட்டைப் பாடுவார்கள். எந்தக் கல்வித் துறையும் திட்டம் போடாமல், சாதாரணக் குடும்பங்கள் தாங்களே கண்டுபிடித்த தொழில்நுட்பப் பயன்பாடு இது. இதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை என்பது வருத்தமான விஷயம்.

கம்ப்யூட்டர் வழியாகப் பள்ளிகளை இணைக்கும் வேலை உலகத்தில் 1980களிலேயே தொடங்கிவிட்டது. 1988ல், பனிப்போர் முழுதாக முடியாத நேரத்தில், நியூயார்க் மாநிலத்தின் 12 பள்ளிகளும் மாஸ்கோவின் 12 பள்ளிகளும் இணைக்கப்பட்டன. அதிலிருந்துதான் ஐயர்ன் என்ற உலகளாவிய பள்ளிகள் வலையமைப்பு வளர்ந்தது. 1990ல் நார்வேயில் ஓட் டி ப்ரெஸ்னோ என்பவர் கிட்லிங்க் என்று ஒன்றைத் தொடங்கினார். அதில் சேர வேண்டுமானால் பிள்ளைகள் முதலில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். நான் யார், பெரியவனானதும் என்ன ஆகப் போகிறேன், உலகம் எப்படி மேம்பட வேண்டும், அதற்கு இப்போது என்ன செய்ய முடியும். பத்து வயதில் இதற்குப் பதில் எழுதிவிடலாம். இருபது வயதில்தான் கஷ்டம்!

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15ல், விஎஸ்என்எல் மூலமாக. ஆனால் தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அது உடனே வந்துவிடவில்லை. காரணம் கம்ப்யூட்டர் இல்லாதது மட்டும் அல்ல, எழுத்து. ஆளுக்கு ஒரு எழுத்துரு, ஆளுக்கு ஒரு குறியீடு. ஓர் இடத்தில் தட்டிய தமிழ் இன்னோர் இடத்தில் பூச்சி பூச்சியாகத் தெரியும். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முரசு அஞ்சல் முத்து நெடுமாறன் போன்றவர்கள் இதில் பாடுபட்டார்கள். 1999ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் வகுத்தார்கள். யூனிகோட் பரவிய பிறகுதான் கோலாலம்பூரில் தட்டியது கந்தர்வகோட்டையில் அப்படியே தெரிய ஆரம்பித்தது. 2001ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கி, வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மழலைக் கல்விப் பாடங்களை இணையத்தில் வைத்தது. நல்ல வேலை. ஆனால் இதுவும் இங்கிருந்து அங்கே போகும் பாடம்தான். அங்குள்ள பிள்ளை இங்குள்ள பிள்ளையோடு பேசவில்லை.

அதற்கு வழி செய்தது ஸ்கைப். 2003ல் வந்தது. ஐஎஸ்டி பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பயந்து பயந்து பேசிய தலைமுறைக்கு, காசில்லாமல் முகம் பார்த்துப் பேசலாம் என்பது நம்ப முடியாத செய்தி. 2011ல் ஆசிரியர்களுக்கென்றே ஸ்கைப் வகுப்பறை என்ற ஏற்பாடு வந்தது. அதில் பிரபலமானது ஒரு விளையாட்டு. இரண்டு வகுப்புகள் திரையில் சந்திக்கும். எந்த நாடு, எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்கள். ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரக்கூடிய கேள்விகளைக் கேட்டு எதிர் வகுப்பு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் நாட்டுக்குக் கடற்கரை உண்டா? நீங்கள் பூமத்திய ரேகைக்கு வடக்கேயா? பூகோளப் பாடத்தை மனப்பாடம் செய்தவனை விட மேப்பைப் பார்க்கத் தெரிந்தவன் ஜெயிப்பான். இதில் இன்னொரு நல்லது, இரு பக்கமும் சமமாகக் கேட்கும், சமமாகப் பதில் சொல்லும். ஃப்ரெனேயின் கணக்கு இங்கே டேலி ஆகிறது.

எல்லாத் திட்டமும் அப்படி இல்லை. சுகதா மித்ரா 2009ல் தொடங்கிய "பாட்டி மேகம்" திட்டத்தில், இங்கிலாந்தில் இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியைகள் உட்படப் பலர் ஸ்கைப் வழியாக ஹைதராபாத் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள், பேசினார்கள். அன்பான ஏற்பாடு, பிள்ளைகளின் ஆங்கிலப் பேச்சுக்கு உதவும் என்பதும் சரி. ஆனால் அந்தப் பாட்டிகளில் எத்தனை பேர் ஒரு தெலுங்குக் கதையை முழுதாகக் கேட்டிருப்பார்கள்? பாட்டிக்குக் கதை சொல்லும் பேத்தி நம் ஊரிலும் உண்டே.

இந்தியாவில் இந்த விஷயத்துக்கு ஒரு பெரிய உதாரணம் மகாராஷ்டிராவில் கிடைக்கிறது. சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்று ஒரு கிராமம். அங்குள்ள ஜில்லா பரிஷத் தொடக்கப் பள்ளிக்கு 2009ல் ரஞ்சித்சிங் டிசலே ஆசிரியராக வந்தார். ஐடி எஞ்சினியர் ஆக நினைத்து அது சரிவராமல் ஆசிரியர் பயிற்சிக்குப் போனவர். மாட்டுத் தொழுவமும் சாமான் அறையும் ஒட்டிய சிதிலமான கட்டிடம். பாடப் புத்தகம் ஒரு மொழியில், பிள்ளைகளின் வீட்டுமொழி கன்னடம். அவர் கன்னடம் கற்றுக்கொண்டார் (இங்கும் கன்னடம்!), பாடத்தை மொழிபெயர்த்தார், புத்தகத்தில் க்யூஆர் கோடு ஒட்டிப் பாட்டையும் வீடியோவையும் இணைத்தார். பிறகு அந்த முறையை மகாராஷ்டிர அரசு மாநிலம் முழுக்க எடுத்துக்கொண்டது. 2018ல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடப் புத்தகங்களிலும் க்யூஆர் கோடு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவர் செய்த இன்னொரு வேலைதான் இங்கு முக்கியம். எல்லைகளைத் தாண்டுவோம் என்ற பொருளில் ஒரு திட்டம். இந்தியா-பாகிஸ்தான், இஸ்ரேல்-பாலஸ்தீனம், ஈரான்-ஈராக், அமெரிக்கா-வட கொரியா என்று சண்டைக்கார நாடுகளாகப் பார்த்து அந்த இளம் வயதினரை இணைப்பது. ஆறு வாரம். ஒவ்வொருவருக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு "சமாதானத் தோழர்". இருவருக்கும் பொதுவானது என்ன என்று சேர்ந்து தேட வேண்டும். 8 நாடுகளைச் சேர்ந்த 19,000 பேர் பங்கெடுத்தார்கள் என்று 2020ல் அவருக்கு உலக ஆசிரியர் பரிசு கிடைத்தபோது சொல்லப்பட்டது. பரிசு 10 லட்சம் டாலர். அதில் பாதியை இறுதிச் சுற்றில் இருந்த மற்ற 9 பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். தலைக்கு 55,000 டாலருக்குச் சற்று மேல். ஒரு கிராமத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்!

இந்தியா-பாகிஸ்தான் பிள்ளைகளை இணைக்க அதற்கு முன்பே 2010ல் ஒரு முயற்சி நடந்தது. டெல்லியின் ரூட்ஸ் டு ரூட்ஸ் அமைப்பும் பாகிஸ்தானின் சிட்டிசன்ஸ் ஆர்க்கைவ் அமைப்பும் சேர்ந்து நடத்திய திட்டம். அதில் பிள்ளைகள் பரிமாறிக்கொண்டது கையால் எழுதிய கடிதமும் அஞ்சலட்டையும் படமும். ஸ்கைப் இருந்த காலத்தில் கடிதமா என்று கேட்கலாம். திரையில் அரை மணி நேரத்தில் கூச்சம் போவதற்குள் மணி அடித்துவிடும். கடிதம் எழுத ஒரு வாரம் யோசிக்கலாம், வந்த கடிதத்தை அம்மாவிடம் காட்டலாம். புதிய கருவி வந்தால் பழையதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று சட்டமில்லை.

கருவிகளை நம்பவும் முடியாது. ஆர்குட் போனது போல, 2025 மே மாதத்தோடு ஸ்கைப்பும் போய்விட்டது. அதற்கு முன்பே ஸ்கைப் வகுப்பறை வேறு தளத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. ஒரு கம்பெனி லாப நஷ்டம் பார்த்து ஒரு சேவையை மூடினால், அதில் தொடர்பு வைத்திருந்த பள்ளிகள் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். தபால் துறை அப்படி ஒரு நாளில் மூடிக்கொண்டு போகவில்லை.

இனி நம்ம புதுக்கோட்டை. இந்த மாவட்டத்துக்கு ஒரு கருவியை வைத்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த சரித்திரம் உண்டு. 1991ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். எழுத்தறிவும் சைக்கிளும் சேர்ந்து போயின. பத்திரிகையாளர் சாய்நாத் அதை எழுதி வெளியுலகம் அறிந்தது. சைக்கிள் புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. யார் கையில் அது போய்ச் சேர்ந்தது என்பதுதான் செய்தி.

இப்போது அரசுப் பள்ளிகளிலும் கருவிக்குக் குறைவில்லை என்ற நிலை வந்துகொண்டிருக்கிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள், தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறைகள். அறந்தாங்கி பக்கம் பச்சலூர் அரசு நடுநிலைப் பள்ளி இந்த வசதிகளுக்காகவே பேர் வாங்கியது. திரை வந்துவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் யார் என்பதுதான் பாக்கி.

அமெரிக்கா என்று சட்டென்று சொல்லிவிடக் கூடாது. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30. பள்ளி விட்டு, கடைசி டவுன் பஸ்ஸும் போயிருக்கும். இங்கிலாந்து பரவாயில்லை, அங்கே காலை 9 மணிக்கு இங்கே மதியம் 1.30 அல்லது 2.30. ஆனால் மொழி? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்றால், நன்றாக ஆங்கிலம் பேசும் இரண்டு பேரை முன்னால் நிறுத்தி மனப்பாடமாக நாலு வரி சொல்ல வைப்பார்கள். மீதி 28 பேர் பின்னால் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். அது பரிமாற்றம் இல்லை, ஆண்டு விழா.

அதனால் யோசித்துப் பார்த்தால் மலேசியாதான் பொருத்தம். அங்கே தமிழ்க் கல்வி 1816ல் பினாங்கில் தொடங்கியது. இன்றைக்கும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள், எல்லாம் தொடக்கப் பள்ளிகள், அரசின் கல்வி அமைப்புக்குள்ளேயே நடக்கின்றன. அங்குள்ள பிள்ளை கணக்கையும் அறிவியலையும் தமிழில் படித்துக்கொண்டே மலாயும் ஆங்கிலமும் பேசும். பக்கத்து வீட்டில் சீனர் இருப்பார். இங்குள்ள பிள்ளைக்கு அது புது உலகம். அங்குள்ள பிள்ளைக்கோ தாத்தா சொன்ன ஊர், கண்மாய், ஜல்லிக்கட்டு, நார்த்தாமலைக் குன்றுகள் எல்லாம் புது உலகம். இருவருமே தமிழில் கேள்வி கேட்கலாம். 30 பேரும் கேட்கலாம். "பசியாறியாச்சா" என்று அவர்கள் கேட்பதும் "சாப்டாச்சா" என்று இவர்கள் கேட்பதும் ஒன்றுதான் என்று தெரிந்தாலே ஒரு வகுப்பு முழுக்கச் சிரிக்கும்.

நேரமும் ஒத்துவருகிறது. மலேசியா நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே காலை 9.30 என்றால் அங்கே மதியம் 12. அங்கே பள்ளி மதியம் ஒரு மணி வாக்கில் விடும். ஒரு மணி நேரம் இரண்டு பக்கமும் பள்ளி நடக்கிறது. இங்கே இப்போதைக்கு அந்த ஒரு மணி நேரம் வருகைப் பதிவுக்கும் முதல் பாடவேளைக்கும் போய்க்கொண்டிருக்கிறது.